ஒரு கையோடு விளையாட, நீந்த, சமைக்க: பலரும் செய்கிற தவறுகள்

விபத்து, பக்கவாதம், பிறவிக் குறைபாடு, காரணம் எதுவானாலும் ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை "இருக்கிற கையை நல்லா பலப்படுத்துங்க" என்பதுதான். பைக் விபத்துக்கு அப்புறம் என் இடது கை சும்மா தொங்குகிறது, இதை என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. தப்பான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

இரண்டாவது கை நிஜமாகவே என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். வெங்காயம் நறுக்கும்போது ஒரு கை நறுக்குகிறது, மற்றது வெங்காயம் உருளாமல் பிடித்துக்கொள்கிறது. பாட்டில் மூடியைத் திறக்கும்போது ஒன்று திருகுகிறது, மற்றது பாட்டிலைப் பிடிக்கிறது. செடி நடும்போதும், தூண்டிலில் முள் கட்டும்போதும், ஷட்டிலை சர்வீஸ் போடும்போதும் இதே கதைதான். அதாவது நமக்கு இல்லாமல் போனது பெரும்பாலும் பிடித்துக்கொள்கிற வேலை. இருக்கிற கையை எவ்வளவு பலப்படுத்தினாலும் அது ஒரே நேரத்தில் நறுக்கிக்கொண்டே பிடிக்கப் போவதில்லை. எனவே எந்தப் பொழுதுபோக்கை எடுத்தாலும் "இதை யார் பிடிப்பார்கள்?" என்று முதலில் கேளுங்கள். மேஜை பிடிக்கலாம், தொடை பிடிக்கலாம், கால் பிடிக்கலாம், தச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கிற சி-கிளாம்ப் பிடிக்கலாம், அடியில் விரித்த ஈரத்துணி கூடப் பிடிக்கும்.

நம் ஊர் அரிவாள்மனை இந்த விஷயத்தில் எவ்வளவு நல்ல சாமான் என்று யாரும் சொல்வதில்லை. கத்தி அசையாமல் நிற்கிறது, பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது, காய் மட்டும் நகர்கிறது. கீரை, வாழைக்காய், முருங்கை எல்லாம் ஒரு கையாலேயே முடியும். உட்கார்ந்து துருவுகிற தேங்காய்த் துருவியும் அப்படித்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு: இங்கே கத்தியை நோக்கிப் போவது உங்கள் விரல், அந்த விரல்கள் வெட்டுப்பட்டால் மாற்றுக் கை கிடையாது. காய் சிறியதாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவர்கள், வெட்டும் பலகையில் அடியிலிருந்து இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து, முனை மேலே நிற்கும்படி ஆசாரியிடம் செய்து வாங்கிக்கொள்ளலாம். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினால் கத்தியை ஒரு கையால் ஓட்டலாம்.

பல்லால் பிடிப்பதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பாக்கெட்டைக் கிழிக்க, முடிச்சை இறுக்க, பேனா மூடியைத் திறக்க என்று எல்லாவற்றுக்கும் பல்லைப் பயன்படுத்துகிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஒரு சின்னக் கத்தரிக்கோல் விலையையும் பல் மருத்துவர் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அடுத்த தவறு, நல்ல கைக்கு ஓய்வே கொடுக்காதது. பகல் முழுக்கத் தட்டச்சு, வண்டி, சமையல், பை தூக்குவது எல்லாம் அதே கை, சாயங்காலம் பாட்மிண்டனும் அதே கை. தோள் மூட்டைச் சுற்றியிருக்கிற தசைநார்கள்தான் முதலில் புகார் சொல்லும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அல்லது ராத்திரியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய் எழுப்பிவிடும், அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அடையாளம். இரண்டு கை உள்ளவர் "கொஞ்ச நாள் மத்த கையில பாத்துக்கலாம்" என்று ஓய்வு கொடுப்பார், நமக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே வலி வந்தபின் விடுவது என்று இல்லாமல், கை விளையாட்டுக்கும் கால் விளையாட்டுக்கும் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று டேபிள் டென்னிஸ் என்றால் நாளை நடை, மலையேற்றம், கால்பந்து. ஜிம்மிலும் இதே தவறு நடக்கிறது: நல்ல கைக்கு மட்டும் டம்பெல், முதுகுக்கும் வயிற்றுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும். கால், இடுப்பு, முதுகுப் பயிற்சிகளுக்குக் கையே தேவைப்படாத வழிகள் நிறைய இருக்கின்றன. எடையை மேலங்கி போல மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழலாம், எலாஸ்டிக் பட்டையை உடம்பில் மாட்டி இழுக்கலாம்.

வேலை செய்யாத கையை மறந்துவிடுவது இன்னும் மோசம். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து அறுந்தவர்களுக்குக் கையில் உணர்ச்சி இருக்காது. வெயிலில் காய்ந்த இரும்புக் கைப்பிடி, வண்டியின் சைலன்ஸர், நீச்சல் குளத்தின் சொரசொரப்பான சுவர், எதுவும் தெரியாது. விளையாடி முடித்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஓடும்போது அந்தக் கையின் கனம் தோள் மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஓட்டத்துக்கும் குதிக்கிற விளையாட்டுக்கும் தூளி போட்டுக் கையை உடம்போடு சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்காக நாள் முழுக்கத் தூளியிலேயே வைத்திருந்தால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும், அவிழ்த்து நீட்டி மடக்குகிற பயிற்சி தனி.

இதைப் படிப்பவர் யாருக்காவது விபத்து நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தால், பொழுதுபோக்கெல்லாம் அப்புறம். "நரம்பு தானா வளரும், ஒரு வருஷம் பாக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். நரம்பை ஒட்டுவது, வேறு நரம்பைத் திருப்பி இணைப்பது போன்ற அறுவை சிகிச்சைகள் முதல் ஆறு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன். ஒன்றரை வருஷம் தாண்டினால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை அதை ஏற்கிற நிலையில் இருக்காது. கை நரம்பு அறுவை சிகிச்சை தெரிந்த மருத்துவரை உடனே பாருங்கள்.

சைக்கிள் விஷயத்தில் செய்கிற தவறு ஆபத்தானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் சைக்கிள்களில் பொதுவாக வலது லிவர் முன் சக்கரத்தையும் இடது லிவர் பின் சக்கரத்தையும் பிடிக்கும். வலது கை மட்டும் உள்ளவர் அப்படியே ஏறி ஓட்டினால் அவரிடம் இருப்பது முன் பிரேக் மட்டும், பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் ஹேண்டிலுக்கு மேலே பறக்க வேண்டியதுதான். இடது கை மட்டும் உள்ளவருக்குப் பின் பிரேக் மட்டும், வண்டி நிற்க இழுத்துக்கொண்டே போகும். ஒரே லிவரில் இரண்டு வயரையும் மாட்டுகிற வகை கிடைக்கிறது, கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் படம் காட்டி வரவழைக்கச் சொல்லுங்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கிற சக்கரமும் உண்டு. அப்புறம், ஒரு கையால் ஹேண்டிலில் சாய்ந்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, உடம்பின் கனம் சீட்டில் விழும்படி செய்தால் இது குறையும். திரும்புகிறேன் என்று காட்ட இருக்கிற ஒரே கையை எடுக்கிற துணிச்சல் வேண்டவே வேண்டாம், கண்ணாடியும் இண்டிகேட்டர் விளக்கும் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் காலி மைதானம், அப்புறம் தெரு.

நீச்சலில் எல்லாரும் எப்படி இறங்குவது, எப்படிக் கை அடிப்பது என்றே யோசிக்கிறார்கள். எப்படி ஏறுவது என்பதுதான் முதல் கேள்வி. படிக்கட்டு இல்லாத கிணற்றில் கயிற்றைப் பிடித்து ஏறுவது இரண்டு கை உள்ளவருக்கே சிரமம், ஒரு கையால் நடக்காது. குளமானாலும் கிணறானாலும் சரியான படி இருக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். கடல் அலையில் வேண்டாம். ஒரு கையால் அடித்தால் உடம்பு ஒரு பக்கம் உருளும், திசை விலகும், அதனால் கையில் தொடங்காமல் மல்லாந்து மிதப்பதிலும் காலடிப்பதிலும் தொடங்குங்கள். காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு ஆரம்பத்தில் பெரிய உதவி. உணர்ச்சியில்லாத கையில் காற்றடைத்த பட்டையை இறுக்கி மாட்டிவிடுவதைச் சில இடங்களில் பார்க்கலாம், இறுக்கம் தெரியாமல் ரத்த ஓட்டம் தடைப்படலாம் என்பதால் அது வேண்டாம்.

ராக்கெட் விளையாட்டுகளில் "சர்வீஸ் போட முடியாதே" என்று கிளம்புவதற்கு முன்பே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டேபிள் டென்னிஸில் பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து 16 செ.மீ. உயரமாவது எறிய வேண்டும் என்பது விதி. ஆனால் உடல் குறைபாட்டால் அப்படிச் செய்ய முடியாதவருக்கு நடுவர் அதைத் தளர்த்தலாம் என்பதும் விதியிலேயே இருக்கிறது. போலந்தின் நடாலியா பார்ட்டிகா வலது முன்கை இல்லாமல் பிறந்தவர், முழங்கை மடிப்பில் பந்தை வைத்துத் தூக்கிப் போட்டுத்தான் 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். பாட்மிண்டனில் ராக்கெட் பிடித்த கையின் விரல்களிலேயே ஷட்டிலை இடுக்கி, விட்டு அடிக்கப் பழகலாம், ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். சர்வீஸைவிடப் பெரிய சிக்கல் சமநிலை. எட்டி அடிக்கும்போது மற்ற கை எதிர்ப்பக்கம் விரிந்து உடம்பை நிறுத்துகிறது, அது இல்லாதபோது காலடிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கைப் பாதிப்பு உள்ளவர்களுக்கான எஸ்.யூ.5 பிரிவில் நம் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள் அல்லவா, அந்த ஆட்டங்களின் வீடியோவைக் கையைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தபடி ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஆனால் இந்த மாதிரிப் பெயர்களைச் சாட்டையாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது. "தேவேந்திர ஜஜாரியாவைப் பாரு, ஒரு கையோட ரெண்டு தங்கம்" என்பார்கள். அவர் எட்டு வயதில் மின்சாரம் தாக்கிக் கையை இழந்தவர், 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியபின் அவருடைய ஈட்டி எறிதல் பிரிவு 2008, 2012 இரண்டிலும் இல்லாமல் போய், 2016 ரியோவில்தான் அடுத்த தங்கம். நாற்பது வயதில் பக்கவாதம் வந்து மாலையில் கொஞ்சம் வெளியே ஆட நினைக்கிறவருக்கு அந்த அளவுகோல் எதற்கு? இதே வகையில் இன்னொன்று, முன்பு நன்றாக வந்த விளையாட்டையே முதலில் கையில் எடுப்பது. வலது கைப் பந்துவீச்சாளர் இடது கையால் முதல் ஓவர் போட்டால், ஒவ்வொரு பந்தும் பழைய பந்தோடு ஒப்பிடப்பட்டு இரண்டாம் நாளே சலித்துவிடும். ஹங்கேரியின் கரோலி டகாச் 1938-இல் கையெறிகுண்டில் வலது கை சிதைந்தபின் இடது கையால் சுடப் பழகி 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வாங்கினார், உண்மைதான். நமக்கு முதலில் பழைய ஞாபகமே இல்லாத புது விஷயம் ஒன்று நல்லது, பழையதற்கு அப்புறம் திரும்பலாம்.

கேரமுக்கு ஒரு கைதான் வேண்டும். சதுரங்கத்தில் இன்னும் மேல், ஒரு கையால்தான் காய் நகர்த்த வேண்டும், அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்பது எல்லாருக்குமான விதி. பாட்டு கற்றுக்கொண்டால் தாளம் போட ஒரு கை போதும். ஆர்மோனியம் என்றால் துருத்திக்கு இன்னொரு கை வேண்டும்தான், ஆனால் இசை நாடக மேடைகளில் இருந்த கால் ஆர்மோனியத்தில் அதைக் காலாலேயே மிதித்தார்கள், இப்போது கீபோர்டே இருக்கிறது.

செயற்கைக் கை வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடுவதும் பரவலான தவறு. விரல் மடக்குகிற மின்சாரக் கைகள் லட்சக்கணக்கில் போகும், நம் வெயிலில் வியர்த்து வழுக்கும், விளையாட்டில் அடிபட்டால் பழுது பார்க்கிற செலவு தனி. தோட்ட வேலைக்கோ சைக்கிளுக்கோ கொக்கி போல ஒரு எளிய இணைப்பு இதைவிட உதவும். எதுவும் மாட்டாமலே வசதியாக இருக்கிறவர்களும் நிறையப் பேர்.

மலையேற்றத்தில் இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குவார்கள், நாம் தடியைப் பிடித்தால் பாறையைப் பிடிக்கக் கை இல்லை. தடியில் ஒரு கயிற்று வளையம் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் சட்டென்று விட்டுவிட்டு எதையாவது பற்றலாம். தோள் சரிந்த பக்கத்தில் பையின் பட்டை நழுவிக்கொண்டே இருக்கும், இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் உள்ள பைதான் சரி. ஷூவுக்கு எலாஸ்டிக் நாடா.

போட்டிகளில் இறங்க நினைக்கிறவர்கள் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் போதும் என்று நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். அந்த அட்டை அரசு உதவிகளுக்கு. பாரா விளையாட்டில் எந்தப் பிரிவில் ஆடலாம், ஆடலாமா கூடாதா என்பதை அந்த விளையாட்டின் வகைப்படுத்தும் குழு தனியாகப் பரிசோதித்துத்தான் முடிவு செய்யும், இரண்டு அளவும் வேறு வேறு.

கடைசியாக, கூட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது. சொல்லாவிட்டால் நண்பர்கள் ஒன்று எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள், அல்லது கண்டும் காணாமல் இருப்பார்கள். "ஷட்டிலை எடுத்துக் கொடு, தண்ணி பாட்டிலைத் திறந்து வை, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். கீழே விழுந்தால் எப்படித் தூக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதற்றத்தில் எல்லாரும் பிடித்து இழுப்பது கைக்கு எட்டுகிற அந்த வேலை செய்யாத கையைத்தான், பக்கவாதம் வந்தவருக்கும் நரம்பு அறுந்தவருக்கும் அந்த ஒரு இழுப்பில் தோள் மூட்டு நழுவிவிடலாம். இடுப்பைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது நல்ல கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள், நீங்களே பிடித்து எழுந்துகொள்ளலாம்.