காசியில் எந்தக் காட் (படித்துறை) பக்கம் தங்கலாம்?

அம்மாவை முதல் தடவை காசிக்கு அழைத்துப்போனபோது, விசுவநாதர் கோயிலுக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்த்து மணிகர்ணிகைக்கு அருகே ஒரு சந்தில் அறை போட்டேன். பக்கம்தான். ஆனால் ஆட்டோ கோதௌலியா நாற்சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் பெட்டியும் கையுமாக நடை. எதிரே காளை வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அறை மூன்றாம் மாடி. மணிகர்ணிகையில் இரவு பகல் சிதை எரியும். காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் துணியில் சாம்பல். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதனால் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது அனுமன் காட், இல்லையென்றால் கேதார் காட். பின்னால் சோனார்புரா சாலை வரை ஆட்டோ வரும், சந்து நடை குறைவு. தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கும் பகுதி. பாரதியார் காசியில் இருந்தது அனுமன் காட்டில்தான். கேதார் காட்டில் குமாரசாமி மடம் இருக்கிறது. தமிழில் வழி கேட்கலாம், இட்லியும் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டுக்கும் நடுவே அரிச்சந்திர காட், அதுவும் சுடுகாடு. அந்தப் பக்கம் பார்க்காத அறையாகக் கேளுங்கள்.

கோயில் தூரமாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். கோதௌலியா வரை ரிக்‌ஷா உண்டு. 2021 டிசம்பரில் கோயில் வளாகத்தை விரிவாக்கிய பிறகு ஆற்றுப் பக்கமிருந்தும் உள்ளே போகலாம், படகிலேயே போய் இறங்கலாம்.

அறை போடும் முன் போனில் இதைக் கேளுங்கள்: ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை நிமிட நடை, வழியில் படி உண்டா, அறை எந்த மாடி? "பக்கம்தான்" என்றால் விடாதீர்கள், நிமிடக் கணக்கு வாங்குங்கள்.

மழைக்காலமென்றால் கங்கை ஏறிக் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும், ஒரு காட்டிலிருந்து அடுத்ததற்குக் கரையோடு நடக்க முடியாது, படகும் ஓடாது. அப்போது சாலைக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் முக்கியம்.

இளவட்டங்கள் அஸ்ஸி காட் பக்கம் தங்கலாம், காலை ஆரத்தி அங்கே அருமை. கன்டோன்மென்ட் பகுதி ரயிலுக்கு வசதி, கங்கைக்கு இல்லை.

இரண்டாம் தடவை அனுமன் காட்டில் தங்கினோம். விடிவதற்குள் அம்மா தனியாகவே போய்க் குளித்துவிட்டு, சொம்பு நிறையத் தண்ணீரோடு என்னை எழுப்பினாள்.