ஆர்னிகாவை அடையாளம் காண: பூவுக்கு முன் இலை

தலைமுடி எண்ணெய்ப் புட்டியிலும் ஹோமியோபதிக் கடையிலும் நாம் பெயராகக் கேட்ட ஆர்னிகா, ஐரோப்பிய மலைப் புல்வெளியில் வளரும் சூரியகாந்திக் குடும்பச் செடி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆல்ப்ஸில் மஞ்சள் பூவுக்குப் பஞ்சமே இல்லை. பூவை மட்டும் பார்த்தால் ஏமாறுவது நிச்சயம்.

முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். நீள்வட்ட இலைகள் நாலைந்து தரையோடு ஒட்டி விரிந்திருக்கும்; ஓரத்தில் பல் இருக்காது. பிரியாணி இலையில் மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடுமே, அதுபோல இதில் ஐந்து முதல் ஏழு வரை. பிறகு தண்டு: 20 முதல் 60 செ.மீ. உயரம், மென்மயிர் மூடியது. அதில் ஒன்றிரண்டு ஜோடி இலைதான். துளசியில் போல நேருக்கு நேர் நிற்கும். தீர்ப்பு சொல்வது இந்த ஜோடிதான்.

இனி பூ. 6–8 செ.மீ. அகலம், ஆரஞ்சு கலந்த முட்டைக்கரு மஞ்சள். ஓரத்து இதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். வாரப்படாத தலைபோல இதழ்கள் கலைந்து கிடக்கும். கச்சிதமாக அடுக்கிய பூ என்றால் சந்தேகப்படுங்கள். உச்சியில் ஒரு பூ, சிலவற்றில் கீழே இலை தண்டோடு சேரும் இடங்களிலிருந்து எதிரெதிராக இன்னும் இரண்டு.

இதேபோல மஞ்சளாகப் பூக்கும் செடிகளில் அதிகம் குழப்புவது டோரோனிகம். அதன் தண்டிலைகள் செம்பருத்தியில் போல மாறி மாறி வரும், பெரும்பாலும் ஓரம் பல்லாக இருக்கும். புஃப்தால்மம் என்ற இன்னொரு மஞ்சள் பூச்செடிக்கும் இலை மாறி மாறித்தான். அது சுண்ணாம்பு மண்ணை விரும்பும், ஆர்னிகா சுண்ணாம்பில்லாத அமில மண்ணை. ஹைபோகேரிஸ் என்ற மஞ்சள் பூச்செடியில், ஆர்னிகாவின் நடுவில் வட்டமாக நெருங்கி நிற்கும் குட்டிக் குழாய்ப் பூக்களே கிடையாது, கிள்ளினால் பால் வரும். உரம் போட்டுச் செழித்த புல்வெளியில் ஆர்னிகாவைத் தேடவே வேண்டாம்.

தண்டு எழாத செடியில்தான் சிக்கல். பிளான்டாகோ என்ற செடியின் இலையும் தரையொட்டி, நீள நரம்போடு இருக்கும். ஆனால் அதில் இலைகள் சுருளாகச் சுற்றி வரும். ஆர்னிகாவில் ஜோடி ஜோடியாக.

பறிக்காதீர்கள். ஜெர்மனியில் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற செடி. இதிலுள்ள ஹெலனாலின் என்ற வேதிப்பொருள் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, சிலருக்குத் தோலிலும் ஒவ்வாமை தரும். மூன்று படம் எடுத்தால் போதும்: பூ பக்கவாட்டில், தண்டின் இலை ஜோடி, அடி இலை.