முதல் வகை நீரிழிவில் சோற்றைக் குறைப்பது எப்படி?

முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ளவர் சோற்றைக் குறைக்கத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: நாள் முழுவதும் ஒரு பருக்கை உண்ணாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை, அதாவது உணவுக்காக அல்லாமல் நாள் முழுவதற்கும் போடும் இன்சுலினை, நிறுத்தக் கூடாது. கல்லீரல் இரவும் பகலும் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் இந்த உடலில் சுரப்பதில்லை. 1922ஆம் ஆண்டு டொராண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை, மாவுச்சத்தை அறவே குறைத்துப் பட்டினி போடுவதே இந்நோய்க்கு இருந்த வைத்தியம். அது சாவைச் சில காலம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

மருத்துவரிடம் பேசி இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொண்ட பிறகே தொடங்குங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அடுத்து, சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கரண்டிக் கணக்கு ஏமாற்றும். எங்கள் வீட்டில் ஒரே கரண்டியில் அள்ளிய சோறு ஒருநாள் 90 கிராமும் மறுநாள் 130 கிராமும் இருந்தது. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உண்டு. 150 கிராம் சோறு உண்பவருக்கு அது 42 கிராம். 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் இன்சுலின் என்பது அவருடைய கணக்கானால் 4 யூனிட் போடுவார். சோற்றைப் பாதியாக்கினால் 2 யூனிட் போதும். கை பழக்கத்தில் 4 யூனிட்டே போட்டுவிட்டால், 1 யூனிட்டுக்கு இரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு) 50 மில்லிகிராம் இறங்கும் உடலில் மிகுந்த 2 யூனிட் 100 மில்லிகிராமை இறக்கிவிடும். 140 இருந்த சர்க்கரை 40க்குச் சரியும். ஆகவே ஒரே நாளில் எல்லா வேளையையும் மாற்றாமல், முதலில் காலை உணவை மட்டும் மாற்றி, ஒரு வாரம் அளந்து எழுதிப் பாருங்கள்.

குறைத்த சோற்றின் இடத்தைக் கீரை, புடலங்காய், முட்டைக்கோஸ் பொரியல், மீன், முட்டை, பனீர் ஆகியவற்றால் நிரப்பலாம். சுண்டலும் சாம்பார்ப் பருப்பும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும். தினையும் வரகும் எவ்வளவு உண்டாலும் தகும் என்ற எண்ணம் தவறு. அவற்றின் மாவுச்சத்து அரிசிக்கு வெகுதூரத்தில் இல்லை. மாவுச்சத்து குறைந்த வேளையில் புரதமும் மூன்று நான்கு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை ஏற்றும். இரவில் முட்டையும் மீனும் மட்டும் உண்டவர் படுக்குமுன் ஒருமுறை அளப்பது நல்லது.

மாவுச்சத்து மிகவும் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் என்ற பொருள் சிறிதளவு உண்டாவது இயல்பே; அளவு மிகுந்தால் அது இரத்தத்தை அமிலமாக்கிவிடும். ஆனால் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், சர்க்கரை 200க்குக் கீழ் இருந்தாலும் கீட்டோனை அளக்க வேண்டும். இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3ஐத் தொட்டால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், அவர்கள் இந்த உணவு முறையைத் தவிர்ப்பதே சரி.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் உணவுக் கட்டுப்பாட்டை அந்த நேரத்துக்கு மறந்துவிட வேண்டும். நிலக்கடலையோ முட்டையோ அப்போது உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, இன்னும் ஏறவில்லையென்றால் அதே அளவு மறுபடியும் குடியுங்கள்.