அம்மாவின் கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்கும் முன்

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் வாங்குவது அரை மணி நேர வேலை. அதை அவள் கைக்குத் தோதாக மாற்ற ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

முதலில் விரல். வயதானவர்கள் காலிங் பெல் அழுத்துகிற மாதிரி திரையை அழுத்திப் பிடிப்பார்கள். உடனே ஐகான் நகரும், சில சமயம் காணாமலே போகும். "வாட்ஸ்அப் ஓடிப்போச்சுடி" என்று என் அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதி இருக்கும். அதில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். பல போன்களில் ஐகான் நகராதபடி முகப்புத் திரையையே பூட்டி வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், திரை அணைய இரண்டு நிமிடமாவது கொடுங்கள். விரல்ரேகைப் பூட்டை நம்ப வேண்டாம். நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த ரேகை, ரேஷன் கடைக் கருவியிலேயே சட்டென்று விழுவதில்லை. நான்கு இலக்க எண் போதும்.

அப்புறம், அடிக்கடி பேசுபவர்களின் படங்களை முகப்பில் வையுங்கள், தொட்டால் கால் போகிற மாதிரி. டைப் செய்யக் கற்றுக்கொடுத்து இருவரும் களைத்துப்போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போதும். மைக்கை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும்; விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். என் அம்மா அனுப்புவதில் பாதி நேரம் குக்கர் விசில்தான் கேட்கும். நான் எதையும் அழிப்பதில்லை.

பயமுறுத்தும் விஷயம் ஒன்று. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். ஓடிபியை யாருக்கும், உங்களுக்கும்கூட, சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யலாம். மீறிப் பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

இப்போது, பலர் ஒத்துக்கொள்ளாத ஒன்று. அம்மா கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் வந்தாள் என்று காட்டும் 'லாஸ்ட் சீன்'-ஐ மறைத்துவிடுங்கள். அது தெரிந்துகொண்டிருந்தவரை, காலை ஆறு மணிக்கு ஆன்லைனில் வந்திருக்கிறாள், சரி, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு நான் ஆபீஸ் கிளம்பிவிடுவேன். இப்போது கூப்பிட்டால்தான் தெரியும். தன்னுடையதை மறைத்தவருக்கு மற்றவர்களுடையதும் தெரியாது என்பதால், "ராத்திரி ஒரு மணிக்கு என்னடி முழிச்சிக்கிட்டு இருந்தே?" என்ற விசாரணையும் நின்றுவிட்டது. கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அதேபோல, செயலியில் முடிகிறது என்பதற்காக எல்லா வேலையையும் சென்னையிலிருந்தே முடித்துவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையை ஆன்லைனில் போட்டால் வாசலுக்கே வரும். ஆனால் மாத்திரை வாங்க மன்னார்குடி போகிற அன்றுதான் அம்மா நல்ல புடவை கட்டுவாள். 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மருந்துக் கடை, ராஜகோபாலசுவாமி கோயில், சித்தி வீட்டில் ஒரு காபி என்று திரும்ப சாயங்காலமாகிவிடும். பார்சல் வந்தால் இத்தனையும் நின்றுபோகும். முட்டிவலி, மழைக்காலம் என்றால் நீங்களே ஆர்டர் போடுங்கள். மற்ற மாதங்களில் எதை விட்டுவைக்கலாம் என்று அம்மாவையே கேளுங்கள். என் அம்மா கேஸ் புக்கிங்கை மட்டும் என்னிடம் தள்ளிவிட்டாள்.

கடைசியாக, உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், டாக்டர் எண் மூன்றையும் தினசரி காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். சார்ஜ் தீர்ந்த போனுக்குள் இருக்கும் எண்ணால் யாரையும் கூப்பிட முடியாது. ஜனவரியில் அட்டையை மாற்றும்போது மறக்காமல் திரும்ப எழுத வேண்டும்.