முடிச்சைக் கிள்ளிப் பார்த்தீர்களா? தழைச்சத்து பாக்டீரியா விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனாலும் அதே நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, போதாமல் பயிர் வெளிறி நிற்கும். அந்த வாயுவின் இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் செடியால் அவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்து அம்மோனியாவாக்கித் தருவது சில பாக்டீரியாக்கள்; பயறுச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் அதில் பிரபலம். இது தெரிந்து, இந்தப் பாக்டீரியா உள்ள உயிர் உரம் வாங்குகிறவர்கள்கூட அதை யூரியா மூட்டை மாதிரிதான் நடத்துகிறார்கள். உயிர் உரம் பூசி நேர்த்தி செய்த விதையை வெயிலில் காயப்போட்டால் பாதி பாக்டீரியா அங்கேயே காலி. நிழல்தான் சரி.

பயறு விதைத்த கையோடு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். பாக்டீரியாவுக்குச் செடி சும்மா இடம் கொடுப்பதில்லை, தான் தயாரித்த சர்க்கரையில் பங்கு கொடுத்து வளர்க்கிறது. யூரியாவிலிருந்து மண்ணில் உண்டாகும் நைட்ரேட், அதாவது வேர் நேராக உறிஞ்சும் தழைச்சத்து, பக்கத்திலேயே தாராளமாகக் கிடைத்தால் அந்தச் செலவு எதற்கு என்று முடிச்சு விடுவதையே குறைத்துக்கொள்ளும்.

முடிச்சை எண்ணி மட்டும் திருப்தி அடைவது இன்னொரு தவறு, நானும் செய்ததுதான். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது, நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரப் புரதம். நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிடவும் ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அளந்து கொடுப்பது இந்தப் புரதம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பலன் குறைவு. அப்புறம், உருட்டினால் கழன்று வராமல் வேரே வீங்கியிருந்தால் அது முடிச்சே இல்லை, நூற்புழு தாக்கிய வீக்கம்.

எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்கெட் போதும் என்பதும் தப்பு. சோயாவுக்குப் பிராடிரைசோபியம் வேண்டும், கொண்டைக்கடலைக்கு வேறு.

தண்ணீர் தேங்க விடுவதும் நஷ்டம்தான். மண்ணில் இருக்கும் நைட்ரோசோமோனாஸ் வகையறா பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரைட் ஆக்க, அடுத்த கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். இதற்கெல்லாம் காற்று வேண்டும். காற்றில்லாத ஈரத்தில் வேறு பாக்டீரியாக்கள் புகுந்து அதே நைட்ரேட்டைத் திரும்ப வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும்.

கடைசியாக, பயறு போட்டாலே மண் வளமாகிவிடும் என்ற நம்பிக்கை. பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு விதைக்குத்தான் போகிறது. விதையையும் எடுத்து, தண்டையும் இலையையும் வயலைவிட்டு வாரிக்கொண்டு போனால் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த சருகும்தான்.