எஃப் கார்டு கரகரக்கிறதா? கிட்டார் விரல்களுக்குச் சில பயிற்சிகள்

கிட்டார் கற்க ஆரம்பித்த மூன்றாவது மாதம் ஒரு ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கினேன். உள்ளங்கையில் வைத்துக் கிறீச் கிறீச்சென்று அழுத்துவார்களே, அதுதான். டிவி பார்க்கும்போது, போன் பேசும்போது என்று ஒரு மாதம் விடாமல் அழுத்தினேன். கை குலுக்கியவர்கள் முகம் சுளித்தார்கள். எஃப் கார்டு (ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கும் பார் கார்டு) மட்டும் முன்பு எப்படிக் கரகரத்ததோ, அப்படியேதான் கரகரத்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கிரிப்பர் எல்லா விரல்களையும் ஒன்றாக மடக்கப் பழக்குகிறது. கிட்டாரில் ஒரு விரல் அழுத்தும்போது பக்கத்து விரல் சும்மா இருக்க வேண்டும். ‘விரலுக்கு வலு இல்லை’ என்று புதிதாகக் கற்பவர்கள் சொல்வதில் பெரும்பகுதி, விரல் தனியாக வேலை செய்யப் பழகவில்லை என்பதுதான். கீழே உள்ள பயிற்சிகள் எல்லாம் அதை வைத்தே. (வலது கையால் பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, பிடிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் ஒரு சோதனை

இடது முன்கையை வலது கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, இடது விரல்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, தோலுக்கடியில் ஏதோ நெளிவது தெரியும். விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை ஓடுகின்றன, பொம்மலாட்டக் கயிறு மாதிரி. உள்ளங்கையிலும் சின்னத் தசைகள் உண்டு. விரலை விரிப்பதும் சேர்ப்பதும் அவற்றின் வேலை.

இப்போது மணிக்கட்டை முடிந்தவரை உள்பக்கம் மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள். பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டை நேராக்கியதும் அதே கை இறுகப் பிடிக்கும். கிட்டாரிலும் இதே கதைதான். மணிக்கட்டு மடங்கியிருந்தால் என்ன பயிற்சி செய்தாலும் பாதி வலு வழியிலேயே போய்விடும்.

கிட்டாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிதான் ஃபிரெட்; விரல் வைக்கும் இடைவெளியையும் அதே பெயரில் சொல்வதுண்டு. 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் தடித்த ஆறாவது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம். அக்கூஸ்டிக் கிட்டாரில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் சௌகரியம். 4 மில்லிமீட்டர் இருந்தால் குறை உங்கள் விரலில் இல்லை; கம்பி உயரத்தைச் சரிசெய்து செட்டப் செய்பவரிடம் கொடுங்கள்.

1. கையைச் சூடாக்குதல்

இரண்டு நிமிடம் போதும். முஷ்டியை மெதுவாக மூடித் திறங்கள், மணிக்கட்டை இரண்டு பக்கமும் சுற்றுங்கள், தோளைத் தளர விடுங்கள். கை ஜில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. மேசை மேல் விரல் தூக்குதல்

ஒரு சின்னப் பந்தைப் பிடித்திருப்பது போலக் கையை வளைத்து, ஐந்து விரல் நுனிகளையும் மேசை மேல் வையுங்கள். ஒரு விரலை மட்டும் தூக்கி மெல்லத் தட்டுங்கள். மற்ற நான்கும் அசையக் கூடாது. விரலுக்குப் பத்து முறை.

மோதிர விரல் முரண்டு பிடிக்கும். நடுவிரலை உள்ளே மடக்கி, அதன் நடுமூட்டு மேசையில் படும்படி வைத்துவிட்டு, மற்ற விரல் நுனிகளை ஊன்றிக்கொண்டு முயன்றால் இன்னும் வேடிக்கை. ஆள்காட்டி விரல் எழும், சுண்டு விரல் எழும், மோதிர விரல் ஒட்டிக்கொண்டது போலக் கிடக்கும். புறங்கையில் இந்த விரல்களின் தசைநாண்களுக்கு இடையே குறுக்கு இணைப்புகள் இருப்பதால் வரும் சிக்கல் இது. எல்லாருக்கும் அப்படித்தான். பயிற்சியால் இணைப்பு அறுந்துவிடாது, இருக்கிற இடைவெளிக்குள் விரல் தெளிவாக நகரக் கற்றுக்கொள்ளும். ஆகவே உயரமாகத் தூக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள்.

3. எவ்வளவு குறைவாக அழுத்தலாம்?

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது கம்பியில் 5-ஆம் ஃபிரெட்டுக்குப் பின்னால் (4-ஆம் ஃபிரெட் இருக்கும் பக்கம்) ஆள்காட்டி விரலை வையுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். வலது கையால் கம்பியை ஒரே சீராக மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ‘டொக் டொக்’ என்று செத்த சத்தம் வரும். விரலைக் கடுகளவு அழுத்துங்கள், கரகரக்கும். இன்னும் கடுகளவு, சுரம் சுத்தமாக வரும். அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சுரத்துக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். பலரும் இதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுத்திவிட்டுத்தான் வலு போதவில்லை என்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

அடுத்து, விரலை இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்து இதையே செய்யுங்கள். அப்புறம் ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் வைத்துச் செய்யுங்கள். ஒட்டி வைக்கும்போது வெகு குறைவான அழுத்தத்திலேயே சுரம் வந்துவிடும். நான்கு விரல்களிலும் பத்துப் பத்து முறை. கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால் நடுவிரலுக்கு நேராக இருக்கட்டும், நசுக்க வேண்டாம்.

4. சிலந்தி நடை

கிட்டார் கற்பவர்களுக்குப் பழகிய பயிற்சிதான், ஆனால் அவசரத்தில் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான். ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது கம்பியில் 5, 6, 7, 8 ஃபிரெட்டுகளை 1-2-3-4 என்ற வரிசையில் அழுத்தி மீட்டுங்கள். பிறகு ஐந்தாவது கம்பி, நான்காவது என்று முதல் கம்பி வரை வாருங்கள். திரும்பும்போது 4-3-2-1. மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் இருக்கட்டும், ஒரு தட்டுக்கு ஒரு சுரம்.

முதல் ஃபிரெட்டை விட்டுவிட்டு ஐந்தாவதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பியின் அதிரும் நீளம் சுமார் 650 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். ஐந்தாவதில் அது 29 ஆகச் சுருங்கிவிடும். புதுக் கைக்கு இது பெரிய வித்தியாசம். ஐந்தில் பழகிய பிறகு வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கலாம்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். 2 அழுத்தும்போது 1-ஐ எடுக்க வேண்டாம், நான்கும் அழுந்திய பிறகே அடுத்த கம்பிக்கு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். அடுத்தது, சும்மா இருக்கும் விரல் வானத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. முக்கியமாகச் சுண்டு விரல். கம்பியிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேல் விலகினால் வேகத்தைக் குறையுங்கள். மெட்ரோனோமை 5 ஏற்றுவது, தொடர்ந்து மூன்று முறை பிசிறில்லாமல் வாசித்த பிறகுதான்.

1-2-3-4 சலித்தால் 1-3-2-4, 1-4-2-3 என்று மாற்றுங்கள். நான்கு விரலை 24 விதமாக வரிசைப்படுத்தலாம், வாரம் ஒன்று எடுத்தாலே பல மாதம் ஓடும்.

5. ஹேமர் ஆன், புல் ஆஃப்

வலு என்று சொல்லத்தக்கது உண்மையில் ஏறுவது இங்கேதான். 1-ஐ ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். இனி வலது கைக்கு வேலையில்லை. 2-ஐ ஆறாம் ஃபிரெட்டில் சுத்தியலால் அடிப்பது போல இறக்குங்கள், அதுவே சத்தம் தர வேண்டும். இதுதான் ஹேமர் ஆன். எடுக்கும்போது நேராக மேலே தூக்கினால் ஒலி செத்துவிடும். லேசாகக் கீழ்ப்பக்கம் சுண்டி எடுங்கள், அதுதான் புல் ஆஃப். இப்படியே மாற்றி மாற்றி 20 விநாடி.

ஜோடிகள்: 1-2, 1-3, 1-4, 2-4, 3-4. கடைசி ஜோடி முதல் நாள் பத்து விநாடி தாங்கினாலே பெரிது. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள்.

6. பார் கார்டு

எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கார்டை உற்றுப் பாருங்கள். ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு மிச்சம் ஆறாவதும், இரண்டாவதும், முதலாவதும்தான். நடுவில் விரல் எழும்பி நின்றாலும் பரவாயில்லை.

விரலின் சதைப்பக்கத்தை விட்டு, கட்டைவிரலைப் பார்த்த எலும்புப் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி வையுங்கள். பிறகு கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு, கிட்டாரின் உடல் பகுதியை வலது முன்கையால் அணைத்தபடி இடது கையின் கனத்தாலேயே கம்பியைப் பின்னுக்கு இழுங்கள். நம்ப மாட்டீர்கள், சத்தம் வரும்! பிடிப்பது தோளும் முழங்கையும் சேர்ந்து செய்கிற வேலை என்று கைக்குப் புரியத்தான் இது. அப்புறம் கட்டைவிரலைத் திரும்ப வையுங்கள்.

எஃப் வடிவத்தை 5-ஆம் ஃபிரெட்டில் பிடித்தால் அது ஏ மேஜர். அங்கே தொடங்குங்கள். ஐந்து விநாடி பிடித்து, பத்து விநாடி விட்டு, ஆறு முறை. சுத்தமாக வந்ததும் ஒரு ஃபிரெட் கீழே.

7. ரப்பர் பேண்ட்

இதுவரை செய்ததில் பெரும்பகுதி மடக்குகிற வேலை. எதிர்ப்பக்கத் தசைக்கும் கொஞ்சம் கொடுங்கள். ஐந்து விரல் நுனிகளையும் குவித்து ரப்பர் பேண்ட் மாட்டி, மெதுவாக விரித்து, மெதுவாகச் சேருங்கள். பதினைந்து முறை.

எப்போது நிறுத்த வேண்டும்

எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். தசை சீக்கிரம் தேறும், தசைநாண் மெதுவாகத்தான் தேறும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாகச் செய்வது ஆபத்து.

விரல் நுனி எரிவது சாதாரணம், சில வாரத்தில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ கட்டைவிரலின் அடியிலோ வலி வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். சில நாளில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பியானோ கலைஞராக வேண்டும் என்றிருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன், 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் செயலிழந்து அந்த ஆசையைக் கைவிட்டார். விரலுக்கு வலுவேற்ற அவர் பயன்படுத்திய ஒரு கருவியையும் காரணமாகச் சொல்வதுண்டு. இன்னொரு பக்கம் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928-இல் தீவிபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிய பிறகு, பெரும்பாலும் மிச்சம் இரண்டு விரலை வைத்தே சோலோ வாசித்தார். கிரிப்பரை நான் மேசை டிராயருக்குள் போட்டது அவர் வாசித்ததைக் கேட்ட அன்றுதான்.

எனக்கு எஃப் ஒலிக்க ஆறு வாரம் பிடித்தது. அதிலும் இரண்டாவது கம்பி மட்டும் மக்கர் செய்துகொண்டே இருந்தது. இன்னும் வலு வேண்டும் போல என்று அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தால், மூட்டு மடிப்பின் பள்ளம் சரியாக அந்தக் கம்பி மேல் உட்கார்ந்திருந்தது தடத்தில் தெரிந்தது. விரலை இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளினேன். கணீரென்று வந்தது.