வகுப்பறைச் செலவுக்கு வரிச் சலுகை: கனடாவில் புது ஆசிரியர்கள் விடும் பிழைகள்

ஏப்ரல் மாதம் வந்தால் ஆசிரியர் அறையில் இதே பேச்சுத்தான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் வகுப்புக்கென்று சொந்தக் காசில் புத்தகம், பசை, வர்ணத்தாள் என்று அள்ளி வாங்குகிறார்கள். அதில் திரும்பக் கிடைக்கக்கூடியதை மட்டும் கோட்டை விடுகிறார்கள். தகுதியான செலவில் ஆண்டுக்கு 1,000 டொலர் வரை 25 சதவீதம், அதாவது 250 டொலர் வரை, திரும்ப வரும். 2021க்கு முன் இது 15 சதவீதமாக இருந்தது. கட்டவேண்டிய வரி எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் காசு உங்களுக்கு உண்டு.

பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பள்ளி ஆண்டை வைத்துச் செலவைக் கூட்டுவது

செப்டெம்பரில் தொடங்கி ஜூனில் முடிக்கிறார்கள். வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே வரிக்கணக்கில் இரண்டு வகுப்புகளின் செலவு வரும்.

பள்ளி அதிபரின் கடிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விடுவது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஜூன் வரை ஒரு பள்ளியிலும் செப்டெம்பரிலிருந்து இன்னொன்றிலும் படிப்பித்தார். செலவு கிட்டத்தட்ட 1,000 டொலர். சீட்டுகள் எல்லாம் ஒரு உறையில் ஒழுங்காக இருந்தன. வரிக்கணக்குப் போட்டார், காசும் வந்தது. பிறகு கனடா வரித்துறையான சி.ஆர்.ஏ.யிடமிருந்து கடிதம்: இந்தச் செலவை உறுதிப்படுத்தி வேலை தருநர், அதாவது பள்ளி, எழுதித் தந்ததை அனுப்புங்கள். பழைய அதிபர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதியவர், "நான் கண்ணால் காணாத பொருளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. கடைசியில் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டவேண்டி வந்தது, வட்டியும் சேர்த்து. அத்தனையும் வகுப்புப் பிள்ளைகளுக்காக உண்மையாகவே செலவழித்த காசு.

அதிபர் தரும் கடிதத்தை வரிக்கணக்கோடு அனுப்பத் தேவையில்லை, கேட்டால் மட்டும் கொடுக்கவேண்டும். அதனால்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வரி செய்து தருபவர்களும் படிவத்தின் 46800ஆம் இலக்க வரிசையில் தொகையைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு முன்பே ஒரு பக்கம் தயார்செய்யுங்கள். உங்கள் பெயர், வகுப்பு, வேலை செய்த காலம், வாங்கிய பொருட்கள், திகதி, விலை, மொத்தத் தொகை. இவற்றுக்குப் பள்ளி பணம் தரவில்லை என்று ஒரு வரி. கீழே அதிபரின் கையெழுத்தும் திகதியும். பள்ளி மாறுகிறீர்களா? ஜூனில் சாவியைக் கொடுக்கும் முன்னரே அங்கே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், புதுப் பள்ளியில் இன்னொன்று. கடிதத்தையும் சீட்டுகளையும் ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும்.

சீட்டில் எதையும் எழுதாமல் வைப்பது

விதை, பூச்சாடி மண், வினாகிரி, பேக்கிங் சோடா எல்லாம் விஞ்ஞானச் செய்முறைக்கு வாங்கினால் சேரும். ஆனால் கடைச் சீட்டைப் பார்ப்பவருக்கு அது சமையல் சாமான். வாங்கிய அன்றே பக்கத்தில் "எரிமலைச் செய்முறை, 2ஆம் வகுப்பு" என்று எழுதிவிடுங்கள். வீட்டுச் சாமானோடு ஒரே சீட்டில் போடவேண்டாம்.

கம்பளமும் புத்தக அலுமாரியும்

சேராது.

லேப்டொப், பிரிண்டர்

2021 முதல் சேரும். ஆனால் வகுப்புக்கு வெளியே பயன்படுத்தப் பள்ளியே அதைத் தந்திருந்தால் கேட்கமுடியாது.

பள்ளி திருப்பித் தந்த காசு

கழித்துவிட்டுப் போடுங்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

தொண்டாகப் படிப்பிப்பவர்கள் பலர் கேட்கிறார்கள். மாகாணத்தில் செல்லுபடியாகும் ஆசிரியர் சான்றிதழோ, முன்பிள்ளைப் பருவக் கல்விச் சான்றிதழோ டிப்ளோமாவோ இருக்கவேண்டும். அதோடு பள்ளியிலோ அங்கீகரிக்கப்பட்ட குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்யவேண்டும். தொண்டு வகுப்புக்கு வாங்கிய அட்டைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. எனக்கும் இது கவலைதான்.

போன வருடத்தை விட்டுவிடுவது

வரிக்கணக்குப் போடும் கடைசி நாளான ஏப்ரல் 30 கடந்துவிட்டது என்று பேசாமல் இருக்கவேண்டாம். பத்து வருடம் வரை பின்னோக்கித் திருத்தம் கேட்கலாம். சீட்டு கையில் இருந்து, அந்த அதிபரும் இன்னும் அதே பள்ளியில் இருந்தால், இந்த வாரமே போய்க் கையெழுத்து வாங்குங்கள்.